பின்னறைப் பெட்டி: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

8 ஜூன் 2025, ஞாயிறு

இன்று இரண்டு ஃபிலிம் சுருளை ஸ்கேன் செய்து முடித்தேன். கவரைப் பிரித்ததுமே காடி வாடை மூக்கில் ஏறியது. அசிடேட் ஃபிலிம் நம்மூர்ப் புழுக்கத்தில் சிதையத் தொடங்கினால் இப்படித்தான் புளித்து மணக்கும். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இந்த மலேசியத் தோட்டத்து ஊரில் அப்பா தன் போட்டோ ஸ்டூடியோவை மூடியபோது எனக்கு வந்த சொத்து ஒரு மர அலமாரியும், அது நிறைய நெகட்டிவ் கவர்களும்தான். கவர் மேலெல்லாம் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: 'மூணாங்கட்டை லயம், காதுகுத்து', 'கிராணி மகள் கல்யாணம், பாக்கி 12 வெள்ளி'. லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, கிராணி தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, வெள்ளி நம் ரிங்கிட்.

ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவ் ஒன்றை 2400 டிபிஐயில், 16 பிட் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் 56 எம்பி வருகிறது. ஒரு சுருளில் 12 படம். வீடியோ கேசட்டுகள் தனிக்கணக்கு. அதனால்தான் பின்னறையில் இந்தப் பெட்டி. ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரின் கூடு. உள்ளே 8 டிபி இரண்டு, 4 டிபி இரண்டு, 3 டிபி ஒன்று, கூட ஒரு எஸ்எஸ்டி. ஓடுவது அன்ரெய்ட், பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்து நடத்தும் மென்பொருள்.

அக்காவுக்கு இதை விளக்க மொய் நோட்டுதான் உதவியது. நாலு பேர் மொய் எழுதுகிறார்கள், கூட்டுத்தொகையை ஐந்தாவது ஆள் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறார். நாலு பேரில் ஒருவர் எழுதியது அழிந்தால், மொத்தத்தில் மற்ற மூன்றையும் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஐந்தாவது ஆள்தான் பேரிட்டி டிஸ்க். இருப்பதிலேயே பெரிய டிஸ்க்குக்குக் குறையாத அளவில் அது இருக்கவேண்டும், அவ்வளவுதான். மற்றவை எந்த அளவிலும் இருக்கலாம். என்னைப்போல அங்கங்கே கிடைத்த டிஸ்க்கைச் சேர்த்து வைத்திருப்பவனுக்கு இது பெரிய வசதி. இரண்டு பேர் எழுதியது சேர்ந்து அழிந்தால் இந்தக் கணக்கு உதவாது. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகப் படிக்கக்கூடியது என்பதால் மிச்சமுள்ள டிஸ்க்குகளில் இருப்பது தப்பிக்கும்.

11 ஜூன், புதன்

மதியம் ஓர் அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். வாசலில் நின்றபடியே, "தம்பி, போட்டோ கடைக்காரர் மகன் நீதானே?" என்றார். 1983இல் நடந்த தன் கல்யாணப் படம் ஒன்றுகூடக் கையில் இல்லையாம். தோட்டத்தை விட்டு தாமான் குடியிருப்புக்கு வந்தபோது மழையில் நனைந்துபோன பெட்டியோடு எல்லாம் போய்விட்டதாம். இப்போது அந்த லயமும் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ வருடம்.

கூடவே பேரனின் வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார், படங்கள் கிடைத்தால் அதில் போட்டுத் தரச்சொல்லி. பெட்டியின் பின்பக்கம் செருகி வைத்தேன். 1983 கவர்கள் அலமாரியின் கீழ்த்தட்டில், பூஞ்சை அதிகம் உள்ள பக்கம்.

14 ஜூன், சனி

சாயங்காலம் ஒரே இடி. கரண்டு போய் வந்தது. யூபிஎஸ் தன் கடமையைச் செய்தது, பெட்டி ஒழுங்காகவே அணைந்தது. திரும்பப் போட்டால் டிஸ்க்குகள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் அடுக்கை, அதாவது இந்த டிஸ்க்குகளின் கூட்டத்தை, தொடங்க விடமாட்டேன் என்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு மணி நேரம் கேபிளைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி...

காரணம் இடியும் இல்லை, கேபிளும் இல்லை. லைசென்ஸ். நான் வாங்கியிருப்பது ஸ்டார்ட்டர். ஆறு டிஸ்க் வரைக்கும்தான். அடுக்கைத் தொடங்கும் நேரத்தில் பெட்டியோடு எது எது செருகியிருக்கிறதோ அத்தனையையும் எண்ணும், அடுக்கில் சேர்ந்ததா சேராததா என்று பார்க்காது. பூட் ஆகிற பென்டிரைவை மட்டும் கணக்கில் சேர்க்காது. அந்த அம்மாவின் ஹார்ட்டிஸ்க் ஏழாவதாக நின்றிருக்கிறது. அதைப் பிடுங்கினேன், அடுக்கு ஓடத் தொடங்கியது. ஓடத் தொடங்கியபிறகு திரும்பச் செருகினால் ஒன்றும் சொல்வதில்லை. தோட்டத்தில் காலை ஆள்கணக்கான பெரட்டு எடுக்கும்போது மட்டும் தலை எண்ணுகிற கங்காணி மாதிரி!

16 ஜூன், திங்கள்

1948இல் இதே தேதியில்தான் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் வந்தது. சுங்கை சிப்புட் என்றால் சரித்திரப் புத்தகத்தில் அது ஒன்று, அப்புறம் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். அப்பாவின் அலமாரியில் இருக்கிற ஊர் வேறு. தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி, முதல் சைக்கிளோடு நிற்கும் பையன்.

இன்று கிடைத்த ஒரு படம் மட்டும் இரண்டு ஊருக்கும் சொந்தம். பால் வெட்டும் உடையிலேயே ஒருவர் ஸ்டூடியோ திரைக்கு முன் நிற்கிறார். கையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, தொழிலாளிகள் காசு சேர்த்துத் தாங்களே தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் சம்பந்தன் தொடங்கிய சங்கம். அந்தத் தாளை மனிதர் பிடித்திருக்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். இரண்டு கையின் கட்டைவிரலும் ஓரத்தில் மட்டும், கறை படாமல்.

20 ஜூன், வெள்ளி

அக்கா மகன் கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறான். கம்ப்யூட்டர் படித்தவன். பெட்டியைப் பார்த்ததும் முதல் கேள்வி: "மாமா, இதுக்கெல்லாம் காசு குடுப்பீங்களா? ட்ரூநாஸ் இருக்கு, ஓப்பன்மீடியாவால்ட் இருக்கு, எல்லாம் ஃப்ரீதானே?"

அவன் சொல்வதில் தப்பில்லை. எழுதியவர்களே இலவசமாகத் தருவதை எடுத்துக்கொள்வது திருட்டு ஆகாது. ட்ரூநாஸ் நம்பும் இசட்எஃப்எஸ் முறையில் டிஸ்க்குகளை ஒரே கூட்டமாகச் சேர்த்தால், கூட்டத்தில் சின்னது எதுவோ அதன் அளவுதான் மற்றவற்றுக்கும். என் 8 டிபி, 3 டிபி பக்கத்தில் நின்று 3 டிபி ஆகிவிடும். ஓப்பன்மீடியாவால்டில் வேறு வழி உண்டு, ஆனால் துண்டு துண்டாக நானே ஒட்டவேண்டும். 52 வயதில் எனக்கு ஒட்டுவதற்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அதற்குத்தான் 49 டாலர், போன செப்டம்பரில் 210 வெள்ளிக்குப் பக்கம்.

அவனிடம் சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2000ஆம் வருடம் வாக்கில் கடையில் ஓடிய எந்த மென்பொருளுக்கும் நாங்கள் காசு கொடுத்ததில்லை. சிடி ஒன்று சில வெள்ளிதான். அதே கடையில் அப்பா ப்ரூஃப் படங்களின் நடுவில் ஊதா மையில் முத்திரை குத்துவார். முகத்தின் குறுக்கே விழவேண்டும், ஓரத்தில் குத்தினால் வெட்டி எடுத்துக்கொண்டு பணம் தராமல் போய்விடுவார்கள். ஒரு கையால் முத்திரை குத்திக்கொண்டு இன்னொரு கையால் திருட்டு சிடி போட்டோம். அப்போது அது உறைக்கவே இல்லை. அன்ரெய்டின் 30 நாள் ட்ரையலை ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்த ஊதா மை ஞாபகம் வந்தது. 29ஆவது நாள் காசு கட்டினேன்.

"அப்போ டிஸ்க் கூடினா?" என்றான். கூடினால் அன்லீஷ்ட், புதிதாக வாங்க 109 டாலர், எண்ணிக்கைக் கணக்கே இல்லை. 2024 மார்ச்சில் இந்த முறை வந்ததிலிருந்து ஸ்டார்ட்டருக்கும் அன்லீஷ்டுக்கும் ஒரு வருட அப்டேட் மட்டும். அப்புறம் வேண்டுமானால் வருடத்துக்கு 36 டாலர். கட்டாவிட்டாலும் பெட்டி நிற்காது, இருக்கிற பதிப்பிலேயே ஓடும். காலத்துக்கும் அப்டேட் வேண்டுமென்றால் லைஃப்டைம், 249 டாலர். அதைக் கேட்டதும் அவனே பேச்சை மாற்றிவிட்டான்.

29 ஜூன், ஞாயிறு

பென்டிரைவ் செத்துக்கொண்டிருக்கிறது.

30 ஜூன், திங்கள்

நேற்று எழுத மனம் வரவில்லை. இப்போது விவரமாக.

அன்ரெய்ட் ஒரு பென்டிரைவிலிருந்து பூட் ஆகி, முழுக்க ரேமில் ஏறி ஓடும். லைசென்ஸ் சாவி அந்தப் பென்டிரைவுக்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல். பெயருக்கோ, மதர்போர்டுக்கோ, டிஸ்க்குக்கோ அது கட்டுப்பட்டதில்லை. அந்தப் பென்டிரைவின் உள் அடையாள எண்ணுக்குத்தான் கட்டுப்பட்டது. கட்டைவிரல் நகம் அளவு சாமான். அதை நம்பி 19 டிபி.

பென்டிரைவைப் படிக்கமுடியவில்லை என்று நேற்றுச் செய்தி வந்தபோது பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ரேமில் இருப்பதால். ஆனால் அணைத்தால் திரும்பி வராது. சரி, பென்டிரைவை ஸிப் ஃபைலாக பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேனே என்று நிம்மதியாகத் தேடினேன். இருந்தது. எங்கே? அதே பெட்டியில். வீட்டுச் சாவியின் நகலை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. இன்னும் அணையாததால் அந்த ஸிப்பை லேப்டாப்புக்கு இழுத்துக்கொண்டேன். நடுவில் கரண்டு போகக்கூடாது என்று முனியாண்டியை வேண்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு ஒரு பென்டிரைவ். ஸிப்பை ஏற்றிச் செருகினால் பெட்டி பூட் ஆனது, ஆனால் அந்தப் பென்டிரைவைப் பதிவுக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. அடையாள எண் தனித்துவமாக இருக்கவேண்டும். மலிவுச் சரக்கில் ஆயிரம் பென்டிரைவுக்கு ஒரே எண்ணை அடித்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரே அடையாள அட்டை (ஐசி) நம்பரில் ஆயிரம் பேர் நின்றால் எந்தக் கவுன்டரில் விடுவார்கள்?

1 ஜூலை, செவ்வாய்

காலையில் ஈப்போவுக்கே போய், பெயர் தெரிந்த நிறுவனத்தின் பென்டிரைவ் ஒன்று, 16 ஜிபி. மறுபடி ஸிப்பை ஏற்றினேன். பதிவுப் பக்கத்தில் சாவியை மாற்று என்ற பொத்தான். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துக் காத்திருந்தேன். புதுச் சாவி வந்தது. காசு ஒன்றும் கேட்கவில்லை. இப்படி நாமாகவே மாற்றிக்கொள்வது 12 மாதத்துக்கு ஒரு தடவைதான், அதற்குள் மறுபடி என்றால் எழுதிக் கேட்கவேண்டும். பழைய பென்டிரைவின் எண் தடைப்பட்டியலுக்குப் போய்விடும். அது நாளைக்கே உயிர்த்து எழுந்தாலும் இந்தச் சாவியை அதில் பயன்படுத்த முடியாது.

அடுக்கைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் கை நடுங்கியது. எந்த டிஸ்க் எந்த இடம் என்பதும் அந்த ஸிப்பில்தான் இருக்கிறது. ஸிப் எடுத்தது மார்ச்சில். ஏப்ரலில் பேரிட்டி டிஸ்க்கை மாற்றியிருக்கிறேன். பழைய பேரிட்டி இப்போது படங்கள் உள்ள டிஸ்க். தெரியாமல் அதைப் பேரிட்டி இடத்தில் உட்கார வைத்துத் தொடங்கியிருந்தால் படங்களின் மேலேயே கூட்டுத்தொகையை எழுதித் தள்ளியிருக்கும்.

காப்பாற்றியது அப்பாவின் பழைய ஆர்டர் புத்தகம். கடைசிப் பக்கங்களில் டிஸ்க்குகளின் சீரியல் எண்ணில் கடைசி நாலு எழுத்தைப் பென்சிலில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. ஏப்ரல் 6 என்று தேதி போட்டு, அம்பு போட்டு, 'இனி இதுதான் பேரிட்டி' என்று எழுதியிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, சத்தமாகப் படித்து, இடம் மாற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். பேரிட்டி சரிபார்ப்பு 15 மணி நேரம் என்று காட்டுகிறது.

2 ஜூலை, புதன்

சரிபார்ப்பு முடிந்தது. பிழை பூஜ்யம்.

5 ஜூலை, சனி

பேரிட்டி இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் உண்மை. தப்பாக ஒரு ஃபோல்டரை அழித்தால் பேரிட்டியும் கூடவே அழிந்ததைத்தான் கணக்கு வைக்கும். இன்று ஒரு முழு நகலை எடுத்துக்கொண்டு கோலகங்சார் போனேன், அக்கா வீட்டு அலமாரியில் வைக்க. பென்டிரைவ் ஸிப்பும் அதில் உண்டு, லேப்டாப்பிலும் உண்டு, என் மின்னஞ்சலிலும் உண்டு. வரும் வழியில் அந்தப் பழைய பால்மரத்தைப் பார்த்தேன். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் மிஞ்சியது. வேலி போட்டு, பலகை வைத்து, ஒற்றையாக நிற்கிறது.

சாயங்காலம் அந்த அம்மா வந்தார். 1983 கவர் மூன்றாம் தேதியே கிடைத்துவிட்டது. பாதிப் படங்களில் பூஞ்சை கொடி மாதிரி படர்ந்திருக்கிறது, மிச்சம் நன்றாகவே இருக்கின்றன. ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மாப்பிள்ளை, பெண், பந்தல். அவர் அதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகச்சொன்னார். கடைசிக்கு முந்தைய படத்தில், பந்தல் காலுக்குப் பின்னால் பாதி மறைந்து, கையில் பாத்திரத்தோடு ஓர் ஆள்.

"இதைப் பெருசு பண்ணு தம்பி. எங்கப்பா."

பெரிதாக்கினேன். 56 எம்பி இருப்பதால் முகம் உடையாமல் வந்தது. எவ்வளவு என்று கேட்டார். கவர் மேல் பாக்கி எதுவும் எழுதியிருக்கவில்லை, அப்பாவுக்கு முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள். பிரிண்ட்டுக்கு மட்டும் 5 வெள்ளி வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி ஆர்டர் புத்தகத்தை எடுத்துப் புதுப் பென்டிரைவ் மாற்றிய தேதியைக் குறித்தேன். கீழே, அப்பா 'பாக்கி' என்று தலைப்புப் போட்ட பத்தியில்: செப்டம்பர், அப்டேட், 36 டாலர்.