சீறல் நின்றது, உறுமல் நிற்கவில்லை

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில், ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டிலிருந்து (ஆலைக் காற்றின் ஈரப்பதத்தைச் சீராக்கும் அமைப்பு) காற்றை வெளியேற்றும் டக்ட் எனும் தகட்டுக் குழாய், வேலிக்கு அப்பால் உள்ள தோட்டத்து வீட்டைப் பார்த்தபடி திறக்கிறது. இரவில் கண்ணயர முடியவில்லை என்று அந்த வீட்டுப் பாட்டி முறையிட்டதால், டக்டின் உட்புறம் முழுவதும் 25 மி.மீ. தடிமனில் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) பதித்தோம். இரண்டு நாள் கழித்துப் போய்க் கேட்டபோது, "சீறல் நின்னு போச்சு கண்ணு, உறுமல் மட்டும் அப்படியே இருக்குது" என்றார். அவர் பிரித்துச் சொன்னது மிகச் சரி.

கிளாஸ் வூலின் நுண்ணிய இடைவெளிகளில் காற்று முன்னும் பின்னும் அசையும்போது, ஒலியின் ஆற்றல் உராய்ந்து வெப்பமாகிறது. ஆனால் டக்டின் தகட்டை ஒட்டிய இடத்தில் காற்றுக்கு அசைவே இல்லை. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அசைவு உச்சம் பெறும். 3,400 ஹெர்ட்ஸ் சீறலுக்கு அந்தக் கால் பங்கு ஏறத்தாழ 25 மி.மீ. எங்கள் பேனுக்கோ 10 இறக்கைகள், நிமிடத்துக்கு 960 சுற்று. ஆகவே இறக்கைகள் வினாடிக்கு 160 முறை காற்றை அடிக்கின்றன; அதன் உறுமல் 160 ஹெர்ட்ஸ், கால் அலைநீளம் அரை மீட்டருக்கும் மேல். அவ்வளவு தடிமனில் பஞ்சை அடைத்தால் டக்டில் காற்றுக்கு வழி இராது. வழி குறுகி வேகம் இரட்டித்தால், காற்றே எழுப்பும் இரைச்சல் 15 டெசிபெல்லுக்கு மேல் கூடிவிடும்.

ஆகவே, டக்டை ஒட்டி வெளிப்புறமாக 18 செ.மீ. ஆழத்தில் பெட்டிகள் கட்டி, உட்பக்கத்தில் 6 மி.மீ. துளைகள் கொண்ட 1.5 மி.மீ. தகட்டை வைத்தோம். துளைகளின் பரப்பு மொத்தத் தகட்டில் 1 சதவீதம்தான். துளையிலுள்ள காற்று எடைபோலவும், பின்னாலுள்ள காற்று ஸ்பிரிங்போலவும் இயங்கி, 160 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியை விழுங்கும். பெட்டிக்குள் ஒலி நீளவாக்கில் ஓடிவிடாதபடி குறுக்குத் தடுப்புகள் அவசியம். இதைப் பலர் விட்டுவிடுவது எனக்கு வருத்தமே.

காற்றோட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். எங்கள் டக்டில் காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர், ஒலியின் வேகத்தில் 3 சதவீதம். அதனால் ஒலி காற்றோடு சேர்ந்து பெட்டிகளைச் சற்று விரைந்து கடந்தாலும், அதனால் ஒலித் தணிப்பு குறைவது மிகச் சிறிதே. விமான எஞ்சினின் முன்வாயில் நிலைமை வேறு: ஒலியின் வேகத்தில் பாதியளவு விரையும் காற்றை எதிர்த்து விசிறியின் ஓசை வெளியேறுகிறது. எதிர்த்து வருவதால் அது லைனர் (உட்சுவரில் பதித்த ஒலி விழுங்கும் அடுக்கு) அருகே நெடுநேரம் தங்குகிறது. ஆனால் சுவரோரக் காற்று மெதுவாக நகர்வதால் ஓசை நடுப்பக்கம் வளைந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் அங்கே லைனரில் நம் பெட்டிகளைப் போல இயங்கும் தேன்கூட்டு அறைகளின் ஆழத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

உறுமல் தணிந்துவிட்டது என்று பாட்டி சொன்னார். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், பேனுக்கு அருகிலிருந்த துளைகளில் ஈரப் பஞ்சு படிந்து பாதி மூடியிருந்தது. பிரஷ் நுழையும் அளவுக்கு ஒவ்வொரு பெட்டியின் எதிரேயும் ஒரு சிறு கதவு வைத்திருக்கிறோம்.