இடது கம்பி

“இந்த பியானோவில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?” என்று அன்று கச்சேரி வாசிக்க வந்த அம்மா, டியூனரான என்னிடம் கேட்டார். “ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது” என்றேன். பேச்சு அவ்வளவுதான். மூன்று வருடமாகிறது, இன்னும் காதில் நிற்கிறது.

மணி அப்போது 5. கச்சேரி 7-க்கு. நடு ஸ்தாயிக்கு மேலே இருக்கிற சி ஷார்ப் என்ற ஸ்வரத்துக்கான மூன்று கம்பிகளில், இடது கம்பியை முறுக்கிப் பிடிக்கும் ‘பின்’ என்ற முளை லூஸ் என்பது மதியமே எனக்குத் தெரியும். மற்ற பின்கள் சுருதிச் சாவியைப் போட்டால் முரண்டு பிடித்துத்தான் திரும்பும். இது கேட்டதும் கொடுத்துவிட்டது. நம் ஊரில் இது அதிசயமில்லை. மாதக்கணக்கில் கடற்காற்றில் ஊறும் பியானோ, கச்சேரி அன்று மட்டும் ஏ.சி.யில் காயும். மரம் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, பின்னைப் பிடித்திருக்கும் துளை பெரிதாகிவிடும். முறையான வைத்தியம் பின்னைக் கழற்றிவிட்டு ஒரு சைஸ் பெரியதைப் போடுவது. ஆனால் கழற்றிச் சுற்றிய கம்பி அன்றைக்கே நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் பின்னைச் சுத்தியலால் அரை நூல் உள்ளே தட்டினேன். சுருதி சேர்த்து, இருபது தடவை ஓங்கி அடித்துப் பார்த்தேன். நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் வந்து கேட்டார்.

ஆக, நான் சொன்னது பொய்யில்லை. அந்த நிமிடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்த வரியை எனக்கே எத்தனை முறை சொல்லியிருப்பேனோ.

சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதற்கு முந்தின வருடம் ஒருவரிடம், “இந்தக் கட்டை கொஞ்சம் மெதுவாக எழும்புகிறது” என்று நேர்மையாகச் சொன்னேன். அன்று மாலை முழுவதும் அவர் அந்த ஒரு கட்டையைத்தான் வாசித்தார். மற்ற 87-ம் சும்மா துணைக்கு. சுமார் 230 கம்பிகளில் எனக்குச் சந்தேகமுள்ளதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் யாருமே மேடை ஏற மாட்டார்கள்.

பாவம், பியானோக்காரர்களின் பிழைப்பே அப்படி. வயலின்காரர் தன் பெட்டியோடு வருகிறார், நாதஸ்வரக்காரர் சீவாளிக் கொத்தோடு வருகிறார். இவர்கள் பத்து விரலோடு வந்து, முன்பின் பார்க்காத வாத்தியத்தோடு ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்ள வேண்டும். ஹோரோவிட்ஸ் மாதிரி பெரிய பியானோ மேதை என்றால் 1986-இல் மாஸ்கோவுக்குத் தன் பியானோவையே கொண்டுபோகலாம். அதே வருடம் இன்னொரு மேதை ரிக்டர் காரில் சைபீரியாவைக் கடந்து, வழியில் இருந்த சின்னச் சின்ன ஊர்களில் வாசித்தார். அந்த ஊர் டியூனர்கள் அவரிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அன்றைக்கு இரண்டாம் பாதியில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட பியானோ இசை. 1828 செப்டம்பரில் முடித்தது, நவம்பரில் ஆளே இல்லை. அதன் இரண்டாம் பகுதி சி ஷார்ப் மைனர். இடக்கை கீழே ஒரு சி ஷார்ப்பைத் தொட்டு, வலக்கையைத் தாண்டி மேலே வந்து இன்னொரு சி ஷார்ப்பைத் தொடும். வரிக்கு வரி அதே. நிகழ்ச்சி நிரல் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஆறேழு சுற்றில் பின் விட்டது. ஸ்வரம் ‘வவ்... வவ்...’ என்று அலைய ஆரம்பித்தது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. இடது கால் மட்டும் மெல்ல நகர்ந்தது.

கிராண்ட் பியானோவில் இடது பெடலை அழுத்தினால் கட்டைகள் எல்லாம் ஒரு துளி வலப்பக்கம் நகரும். உள்ளே கம்பியை அடிக்கும் சுத்தியல் மூன்று கம்பிக்குப் பதில் இரண்டில்தான் படும். தப்பிப்பது இடது கம்பி. அலைச்சல் ஏறக்குறைய காணாமல் போனது. அந்தப் பகுதி முடியும் வரை அவர் காலை எடுக்கவில்லை. நடுவில் ஏ மேஜர் என்ற ஸ்கேலுக்கு மாறி, இசை நெஞ்சைத் திறந்து பாடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கேயும் எடுக்கவில்லை. மூடிய அறைக்குள் யாரோ பாடுகிற மாதிரி இருந்தது.

வெளியே வரும்போது ஒரு பெரியவர், “ரெண்டாவது பார்ட் ரகசியம் பேசற மாதிரி இருந்துதே, ஆஹா!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதைக் கேட்டு நிம்மதியானேன் என்பதை ஒளிப்பானேன். ஒருவேளை அது உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் வாசிக்க வந்தது அதையல்ல.

கும்பிட வந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு அந்த அம்மா என்னிடம் வந்தார். “இடது கம்பிதானே?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லவேளை” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கே தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு அன்றைக்கே மறந்திருப்பேன். அந்த ‘நல்லவேளை’ தான் விடவில்லை. நடுக் கம்பியாக இருந்திருந்தால்? முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஏ மேஜருக்கு வேறு வழி யோசித்திருப்பாரா, இல்லை முதல் சுரத்திலிருந்தே பயந்து வாசித்திருப்பாரா?

போன மாதம் ஒரு பையன், முதல் தனிக் கச்சேரி. அவனும் அதே கேள்வியைக் கேட்டான். கீழ் ஸ்தாயியில், கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பர் ஒன்றின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். சொல்லத்தான் வாயெடுத்தேன். விரல் சூடாக இருக்கட்டும் என்று வெந்நீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான், பாட்டிலுக்குள் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு தம்பி, போய் வாசிங்க” என்றேன்.