சுருளி சட்டை கழற்றிய இரண்டு தடவை

போன மார்ச்சில் சுருளி என் கட்டைவிரலைக் கவ்வியது. தப்பு என்னுடையதுதான்.

சுருளி ஒரு பால் பைத்தான். பேரைச் சொன்னதுமே "பால் குடிக்குமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தப் பால் இல்லை, பந்து. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், ஆப்பிரிக்காவின் விஷமில்லாத மலைப்பாம்பு வகை. நம்மூர்ச் சாரையையோ மலைப்பாம்பையோ வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் விடாது. இது வெளிநாட்டு இனம்; மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்துதான் வைத்திருக்கிறேன்.

பதினான்கு நாளைக்கு ஒரு எலி என்பது கணக்கு. சுருளியின் எடை 900 கிராம், எலி 80, 90 கிராம் இருந்தால் போதும். அன்றைக்கு முறைநாள். உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி, கிடுக்கியைத் தேடச் சோம்பல்பட்டு, வாலைப் பிடித்துக் கையாலேயே நீட்டினேன். சுருளி எலியை விட்டுவிட்டு என் விரலைப் பிடித்தது. நான்கைந்து ரத்தப் புள்ளிகள். சோப்புப் போட்டுக் கழுவினேன், அவ்வளவுதான். விரலைவிட மனசுதான் வலித்தது. இரண்டு வருடத்தில் என்னை ஒரு தடவைகூடச் சீறியதில்லை.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண் இரண்டும் சாம்பல் பூத்த நீலமாக இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே வயிறு இளஞ்சிவப்பாகி, உடம்பு நிறம் மங்கியிருக்கிறது. தூசி என்று நினைத்துவிட்டேன். பாம்புக்கு இமை கிடையாது. கண்மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் இருக்கும். சட்டை உரிக்கப்போகும் சமயம் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் கோர்க்கும். அது கண்செதிலுக்கு அடியிலும் கோர்ப்பதால் பார்வை மங்கிப்போகும். எதிரே வருவது எலியா கையா என்று தெரியாத நேரம் அது. அந்த நாட்களில் பெரும்பாலும் சாப்பிடாது, தொடுவதையும் விரும்பாது.

இது தெரிந்த பிறகும் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. பட்டினி கிடக்கிறதே என்று நான்கு நாள் கழித்து இன்னொரு எலியை வைத்தேன். அது காலையில் அப்படியே கிடந்தது, குப்பைக்குத்தான் போயிற்று. கோவையில் மார்ச் மதியம் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். போதாததற்கு அந்த அறையில் ஏசி வேறு. பெட்டிக்குள் ஈரப்பதம் 34 காட்டியது. சாதாரண நாளிலேயே 60 இருக்க வேண்டிய இடம்.

சட்டை துண்டு துண்டாக வந்தது, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி. வால் நுனியில் ஒரு வளையம் இறுகி நின்றது. அதை அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி செத்துப்போகும். தலைப்பகுதிச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்செதிலின் பழைய தோல், அதாவது கண்மூடி, இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. இடது கண்ணில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில், சுருளியின் உடம்பு பாதி நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, இருபத்தைந்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஈரத்துண்டுக்குள் நுழைந்து நுழைந்து போக விட்டதில் உடம்பில் மிச்சமிருந்தது கழன்றது. வால் வளையம் ஈர விரலால் உருட்ட உருட்ட மெதுவாக வந்தது. கண்ணைத்தான் எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. நல்லவேளை, டாக்டரிடம் கேட்டேன். "கிடுக்கி போட்டீங்கன்னா புதுச் செதிலும் சேர்ந்து வந்துரும், கண்ணே போயிரும். ஈரத்தைச் சரி பண்ணுங்க, அடுத்த உரிப்புல அதுவா வரும்" என்றார்.

அடுத்த உரிப்பு மே மாதம். இந்தத் தடவை வயிறு சிவக்கத் தொடங்கியதுமே முறைநாளைத் தள்ளிவிட்டேன். பொள்ளாச்சியில் தேங்காய் நார் எடுக்கும் மஞ்சி மில்லிலிருந்து நண்பர் ஒரு மூட்டை தென்னை நார்த்தூள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் இயற்கையாகவே உப்பு உண்டு. மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தேன். பழைய மாவு டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, விளிம்பைச் சூடுகாட்டி மழுங்கடித்து, பாதிவரை ஈரத்தூளை நிரப்பி உள்ளே வைத்தேன். பிழிந்தால் சொட்டக்கூடாது, அந்தப் பதம்தான். பெட்டி முழுக்க நனைத்து வைத்தால் வயிற்றுச் செதில் அழுகும். சுருளி அன்று ராத்திரியே டப்பாவுக்குள் போய்விட்டது. ஏசி அறையிலிருந்து பெட்டியையும் நகர்த்தினேன்.

அந்த வாரம் தாராபுரத்திலிருந்து அம்மிச்சி, அம்மாவின் அம்மா, வந்திருந்தார். பெட்டியைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"கண்ணு மூடிக் கெடக்குதே. சட்ட கழட்டப் போகுது கண்ணு, கைய வெக்காத. காட்டுல சாரகூட இப்பிடி இருக்கறப்பத்தான் சீறும்."

"இல்லீங் அம்மிச்சி, தொடறதில்லீங்."

நான் விரலைக் கொடுத்துத் தெரிந்துகொண்டதை அவர் கம்பங்காட்டிலேயே தெரிந்து வைத்திருக்கிறார்.

ஆறாம் நாள் கண் தெளிந்தது. இங்கேதான் பலர் ஏமாறுவது. முடிந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக் கொஞ்சத் தோன்றும். கண் தெளிந்து மூன்று நான்கு நாள் கழித்துத்தான் சட்டை கழலும். தண்ணீர் மட்டும் மாற்றினேன். நான்காம் ராத்திரி, ஒரு மணி இருக்கும், மரக்கட்டையில் மூக்கைத் தேய்க்கும் சத்தம். உதட்டோரம் தோல் பிரிந்து, காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வர, அரை மணியில் முழுசாக விட்டுவிட்டு நகர்ந்தது. ஒரே துண்டு. மூன்றரை அடிப் பாம்புக்கு நாலேகால் அடிச் சட்டை. ஈரத்தில் இழுபட்டு நீளும். இடது கண்மூடி மட்டும் வலதைவிடத் தடிமனாக இருந்தது. பழையதும் சேர்ந்தே வந்திருக்கிறது.

இரண்டு நாள் விட்டு, கிடுக்கியில் எலியை நீட்டினேன். ஒரே பாய்ச்சல். விழுங்கி முடித்த பின் இரண்டு நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். அம்மிச்சி கதவோரம் நாற்காலி போட்டு முழுசாகப் பார்த்தார். எலிக்கென்றே தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்க வைத்த அம்மாதான் சமையலறையைவிட்டு வரவில்லை.

"உன்ற எலிப் பெட்டிய மூடினியா இல்லியாடா?" என்று குரல் மட்டும் வந்தது.