இடிப்பதற்கு முன் ஒரு தியேட்டரை அளந்த கதை

மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கைகள். இன்று அங்கே ஜவுளிக்கடை. உள்ளே எப்படி இருக்கும் என்று என் மகள் கேட்டபோது காட்ட ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை. அது மனதில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர் தியேட்டரையும் இடிக்கப் போகிறார்கள் என்றதும், அதையாவது அளந்து வரைந்து வைத்துவிடுவது என்று கிளம்பினேன்.

உரிமையாளர் பெரியவர். “கேஸ் போட வந்தீங்களா தம்பி?” என்றார். “இல்லைங்கய்யா, அளந்து படம் போட்டு வைக்கத்தான்” என்றேன். “ஆடி கழிஞ்சுதான் இடிப்பு” என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அப்போது சித்திரை.

தியேட்டர் நடத்துவதற்கான சி ஃபார்ம் லைசென்ஸ் வாங்க கட்டட பிளான் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அதன் நகல் கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டேன். முப்பதாவது நாள் வந்த பதில்: ‘கோப்பு இல்லை’. சோர்ந்துதான் போனேன். அப்புறம் தியேட்டர் ஆபீஸ் ரூமில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பழைய லைசென்ஸ் கண்ணில் பட்டது. அதிலிருந்த எண்ணையும் வருடத்தையும் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு செய்தேன். கோப்பு கிடைத்துவிட்டது! இப்படிக் கேட்பவர்கள் முதல் மனுவிலேயே லைசென்ஸ் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

இதற்கிடையில் அளக்கும் வேலை. சுவர்கள் சுலபம், டேப் போதும். தரையின் சரிவுதான் படுத்தியது. தெரிந்த கொத்தனார் ஒருவர் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தோடு வந்தார். வரிசைக்கு வரிசை சுவரில் ஒரே மட்டத்தில் கரிக்கோடு போட்டு, கோட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் குறித்துக்கொண்டே போனோம். அப்படிக் குனிந்து போகும்போதுதான் தரை டிக்கெட் பகுதியின் நடுவே நீளமாக ஓடிய ஒரு பட்டை தெரிந்தது. சிமெண்ட் நிறமே வேறு. ஏதோ ஒட்டு வேலை என்று நினைத்தோம். பிளான் வந்த பிறகுதான் புரிந்தது, அந்த இடத்தில் ‘பெண்கள் பகுதி’யைப் பிரிக்கும் இடுப்பளவுச் சுவர் இருந்திருக்கிறது. எப்போதோ இடித்துப் பூசிவிட்டார்கள். கோப்பில் இருந்த சுவர் தரையில் இல்லை, ஆனால் தடம் இருந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பெரிய சந்தோஷம் அதுதான்.

ஆபரேட்டர் ரூமுக்குப் பழைய ஆபரேட்டர் அண்ணனையே கூட்டிப்போனேன். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் சுவரில் இரண்டு துவாரம், ஒன்று ஒளி போக, ஒன்று ஆபரேட்டர் பார்க்க. மேலே இரும்புத் தகடு. ஃபிலிம் தீப்பிடித்தால் அதுதான் விழுந்து துவாரத்தை மூடும். மூலையில், புரொஜெக்டருக்கு வெளிச்சம் தர எரித்து மிஞ்சிய கார்பன் குச்சித் துண்டுகள், செம்புப் பூச்சு இன்னும் மின்னியது. 2,000 அடி ரீல் சுமார் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுமாம். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். அவர் சொன்ன இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறித்தேன்.

வரைபடத்தில் ஒரு நகல் பெரியவரிடம், ஒன்று ஊர் நூலகத்தில். ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஜேசிபி வருவதாக இருந்தது. திரையின் உயரம் மட்டும் பாக்கி. முந்தின நாள் சாயங்காலம் ஏணி வைத்து ஏறினோம். 17 அடி 4 அங்குலம்.