நூறு மணி நேரம், எட்டுப் பேர்: பாளையங்கோட்டையில் இருந்து ஒரு ஏசிசி அனுபவம்

"அக்கா, நீட் கோச்சிங்குக்கு பீஸ் எவ்வளவு? ஹாஸ்டல் உண்டா?"

லிங்க்ட்இன்னில் எனக்கு வந்த முதல் விசாரிப்பு இதுதான். பெயருக்குக் கீழே 'கோச்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு, ஊர் திருநெல்வேலி என்றும் போட்டால் வேறென்ன வரும்? இங்கே கோச்சிங் என்றால் குரூப் 4, நீட், எஸ்ஐ தேர்வு. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருத்தி பாடம் நடத்தாமல் கேள்வி மட்டும் கேட்பாள், அதற்குக் காசும் வாங்குவாள் என்பதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

சென்னையில் எச்ஆர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிறகு, ஐசிஎஃப் என்கிற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்றுக்குப் படித்தேன். ஏசிசி, பிசிசி, எம்சிசி என்று மூன்று படி. நான் ஏறியது முதல் படி. நான் படித்தபோது ஏசிசிக்கு 60 மணி நேரப் பயிற்சி வகுப்பு, 10 மணி நேரம் மென்டர் கோச்சிங் (நாம் கோச்சிங் செய்யும் விதத்தை மூத்த கோச் ஒருவர் பார்த்துத் திருத்துவது), கடைசியில் 90 நிமிடத்தில் 60 கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தேர்வு. இவையெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் முடிந்துவிடும். இடறுகிற இடம் வேறு. பயிற்சி தொடங்கிய நாளுக்குப் பிறகு குறைந்தது 8 பேருக்கு, மொத்தம் 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். அதில் 75 மணி நேரம் கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். என்னோடு படித்தவர்களில் தேர்வுக்குப் பயந்து நின்றவர்கள் குறைவு, மணிக்கணக்கு சேராமல் நின்றவர்கள்தான் அதிகம். புத்தகத்தைக் கடன் வாங்கலாம், ஆளை எங்கே போய் வாங்க?

பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரிதான் ஹெட்லைன். அதற்கு லிங்க்ட்இன் தருவது 220 எழுத்து. அதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. முதலில் கனவு, சிகரம், உள்ளுக்குள் உறங்கும் ஆற்றல் என்றெல்லாம் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டினேன். "சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார். கோபம் வந்தது, ஆனால் சரிதான். எனக்கு நிஜமாகத் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். எச்ஆரில் இருந்தபோது நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேலையில் கெட்டி. ஆனால் டீம் லீட் ஆக்கிய மறுநாளே வாய் அடைத்துப்போகும். நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவனிடம் 'இது சரியில்லை' என்று சொல்ல வராது. ராத்திரி உட்கார்ந்து அவன் வேலையையும் இவனே செய்து முடிப்பான். அதனால் ஹெட்லைன் இப்படி ஆனது: முதல் முறை டீம் லீட் ஆன தென்மாவட்டத்துக்காரர்களுக்குக் கோச், தமிழிலும் ஆங்கிலத்திலும். நீட் விசாரிப்பு அதோடு நின்றது.

அடுத்து ஆள் தேடுவது. கல்லூரிகளின் லிங்க்ட்இன் பக்கத்தில் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு, பலர் அதைத் திறப்பதே இல்லை. படித்தவர்கள் இப்போது எந்த ஊரில், எந்த கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் பிரித்துப் பார்க்கலாம். சேவியர்ஸ், ஜான்ஸ், சாராள் தக்கர், அரசு பொறியியல் கல்லூரி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பெங்களூரு, சென்னை என்று வடிகட்டினேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப்போன பாதி ஊரும் அங்கே இருந்தது. இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்குத்தான் குறிப்பு சேர்த்து அனுப்ப முடியும், அதுவும் 200 எழுத்துக்குள். அந்தச் சிலதை வீணாக்கக் கூடாது. கோச் வேண்டுமா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. "நானும் சாராள் தக்கர்தான். முதன்முதலில் டீம் கையில் வந்தபோது எது கஷ்டமாக இருந்தது? படிப்புக்காகக் கேட்கிறேன்" என்று மட்டும் எழுதினேன். பதில் போட்டவர்களிடம் அரை மணி நேரம் போனில் கேட்டுக்கொண்டேன். அதில் இரண்டு பேர், "இதையே தொடர்ந்து பேசலாமா, எவ்வளவு வாங்குவீங்க?" என்று அவர்களாகவே கேட்டார்கள். தொகையைச் சொல்லும்போது என் குரல் உள்ளே போனது தனிக் கதை.

போஸ்ட் விஷயத்தில் ஆறு மாதம் வீணாக்கினேன். 'நல்ல தலைவருக்கு ஐந்து குணங்கள்' ரகம். லைக் வந்தது, பெரும்பாலும் மற்ற கோச்சுகளிடமிருந்து. திருப்பம் பாடத்தில்தான் கிடைத்தது. ஐசிஎஃப் வகுத்த எட்டுத் திறன்களில் 'அறிவுரை சொல்லுதல்' கிடையாது. கவனித்துக் கேட்பது ஆறாவது, எதிரே பேசுகிறவருக்குள் விழிப்பைக் கிளப்புவது ஏழாவது. மாதிரித் தேர்வில் அறிவுரை வாடை அடிக்கும் விடையைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் விட்டுக்கொண்டிருந்தேன், போஸ்ட்டிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு காட்சி, ஒரு கேள்வி, அவ்வளவுதான் எழுதினேன். போஸ்ட்டில் முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மீதியைப் படிக்கத் தட்டவேண்டும். அதனால் காட்சி முதல் வரியிலேயே தொடங்கும்: 'மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் சொல்ல வேண்டியது ஞாபகம் வருகிறது.' கமெண்ட் குறைந்தது, இன்பாக்ஸ் நிறைந்தது. 'நான் மீட்டிங்கில் பேசமாட்டேன்' என்று யார் பொதுவில் கமெண்ட் போடுவார்கள்?

ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் பேசிக்கொண்டிருந்த ஒருவரின் கதையை, பெயர் போடாமல், நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். ஊர், போன நாடு, பார்க்கிற வேலை மட்டும் போட்டேன். மறுநாள் போன். "அக்கா, எங்க ஊர்ல இருந்து அங்க போய் அந்த வேலை பாக்கது நான் ஒருத்தன்தான். எங்க சித்தப்பா மவனே கூப்பிட்டு, 'ஏல, இது நீதான?'ன்னு கேக்கான்." எனக்குக் கை நடுங்கியது. உடனே அழித்தேன். சென்னையில் ஒரு லட்சம் பேரில் ஒருவர் மறைந்துகொள்ளலாம். நம் பக்கத்தில் ஊரையும் வேலையையும் சொன்னால் தாத்தா பெயர்வரை சொல்லிவிடுவார்கள். எட்டுத் திறன்களில் முதலாவதே நெறிமுறை. அதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் நான். அவர் மூன்று வாரம் வரவில்லை. பிறகு வந்தார், முதல் பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். இப்போதெல்லாம் எழுதும் முன் வரைவை அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்குகிறேன். சம்மதம் கிடைத்தாலும் ஊரை மாற்றாமல், அடையாளத்தையே எடுத்துவிடுகிறேன். மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

நீங்களும் இந்தச் சான்றுக்குப் படிப்பதாக இருந்தால், கோச்சிங் மணிக்கணக்குக்கு முதல் நாளில் இருந்தே பதிவேடு வையுங்கள்: யார், மின்னஞ்சல், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கட்டணத்தோடு எத்தனை மணி நேரம், இல்லாமல் எத்தனை. பெயரைப் பதிவேட்டில் எழுதுவதற்கும் அவரவர் சம்மதம் வேண்டும். நான் ஐந்து மாதம் கழித்துத் தொடங்கியதால் பழைய காலண்டரையும் ஜிபே கணக்கையும் வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கட்டணம் என்றதும் பெரிய தொகை என்று மலைக்க வேண்டாம். எவ்வளவு வாங்கினாலும் கட்டணம்தான். பண்டமாற்றும் கணக்கில் சேரும், பொருளாகவோ வேலையாகவோ. முருகன்குறிச்சிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர், உதவியாளர்கள் இரண்டு பேரும் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று புலம்பினார். "காசுக்குப் பதிலா என்னை ஒரு நல்ல போட்டோ எடுத்துக் குடுங்க, ப்ரொஃபைல்ல கல்யாண வீட்டு போட்டோதான் இருக்கு" என்றேன். இப்போது லிங்க்ட்இன்னில் நீங்கள் பார்க்கும் படம் அவர் எடுத்ததுதான். பதிவேட்டில் அது ஆறு மணி நேரம். எழுதிக்கொள்ளச் சொல்லி அவரே சம்மதம் கொடுத்தார்.