ஒரே வைரஸ், வேறு வேறு முடிவு

1977-78இல் அயர்லாந்தில் ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்கு, அடுத்த குழந்தையைக் காக்கப் போட்ட ஆன்ட்டி-டி ஊசியில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் கலந்திருந்தது, அது வெளியே தெரிந்தது 1994இல்தான். கொடுமை. ஆனால் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வைரஸ் போனதால், யார் தப்பித்தார்கள் என்று ஆராய இதைப்போல இன்னொரு கூட்டம் கிடைப்பது அரிது. கிட்டத்தட்ட பாதிப் பெண்களுக்கு மருந்தே இல்லாமல் வைரஸ் போய்விட்டது!

எப்படி? மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. எச்.எல்.ஏ-பி27 என்ற மரபணு வகை இருந்தவர்களில் பலர் வைரஸை விரட்டிவிட்டார்கள். அது வைரஸின் ஒரு துண்டைப் பிடித்து வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் டி செல்களுக்குக் காட்டுகிறது, அந்த இடத்தை மாற்றிக்கொண்டு தப்ப வேண்டுமானால் வைரஸ் ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்களைச் செய்தாக வேண்டும், அது லேசில்லை. (முதுகெலும்பை இறுக்கும் வாதநோயோடு சேர்த்துப் பேசப்படும் அதே பி27தான்.)

அப்புறம் 2009இல் ஐ.எல்.28பி மரபணுவுக்குப் பக்கத்தில் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து வித்தியாசம் பிடிபட்டது. அப்பா, அம்மாவிடமிருந்து வந்த இரண்டு பிரதியிலும் அந்த இடத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் தானாகக் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. கிழக்கு ஆசியர்களிடம் இது அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் குறைவு. 2013இல் இன்னொரு விசித்திரம்: இன்டர்பெரான்கள் பொதுவாக வைரஸை எதிர்க்கும் புரதங்கள், ஆனால் இன்டர்பெரான் லாம்ப்டா 4 என்ற புரதத்தை உருவாக்க முடியாதவர்களே வைரஸை எளிதாக விரட்டுகிறார்களாம்!