பல்வலிக்கு மணி, பாம்புக்கு மண்

மதுரையிலிருந்து சங்கரன்கோவில் போகிறவர்கள் புற்றுமண் வாங்கி வருவார்கள். இத்தாலியின் அப்ருட்ஸோ மலைக்கிராமமான கோக்குல்லோவிலும் அதே கதைதான். அங்கே சான் டொமெனிக்கோ என்ற புனிதரின் தேவாலயத்தில் மணிச் சங்கிலியைப் பல்லால் கடித்து இழுத்தால் பல்வலி அண்டாதாம். (ஆடுகிற பல்லென்றால் வலி பல்லோடு போகும்!) சிலைக்குப் பின்னாலுள்ள மண்ணை வயலில் தூவுவார்கள், காவலுக்கு.

மே 1 அன்று பூசை முடிந்ததும் புனிதர் சிலைமேல் உயிருள்ள பாம்புகளைப் போர்த்தி ஊர்வலம். எல்லாம் விஷமில்லாதவை. உடம்பில் நான்கு கோடுள்ள இனம்தான் பிரதானம். நம்மூர்ச் சாரை போல நீளம், ஆனால் சாது. மார்ச்சிலேயே பிடிக்கத் தொடங்குவார்கள். குளிர் உறக்கம் கலைந்து மந்தமாக வெளிவரும் நேரம் அது. விழா முடிந்தால் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

புற்றுமண்ணை நெற்றியில் இடலாம், திறந்த புண்ணில் அப்பாதீர்கள். மண்ணில் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமி இருக்கும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், நேரே பெரியாஸ்பத்திரி.